ஓய்வூதியர் கட்சியின் வேட்பாளராக நிற்பது எப்படி? மதுரையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்குக் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். 1999 நவம்பரில் திறக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அது. மஞ்சள் பையோடு கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பவர்களில் பலர் பணி ஓய்வு பெற்றவர்கள். தராசுத் தட்டின் பக்கத்திலேயே பேச்சு தொடங்கிவிடும். அகவிலைப்படி அரசாணை வந்துவிட்டதா, மருத்துவக் காப்பீட்டு பில் பாஸ் ஆனதா, கம்யூட்டேஷன் (ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கியது) பிடித்தம் முடிய இன்னும் எத்தனை மாதம்? பேசி முடித்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். தேர்தல் வந்தால் அவரவர் பழைய கட்சிக்கே ஓட்டு. ஓய்வூதியர் ஓட்டு எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாமலே பெட்டிக்குள் கரைந்துவிடுகிறது.

அந்த ஓட்டு எண்ணப்பட வேண்டும். சிறிய கட்சி ஒன்றின் சார்பில் ஓய்வூதியர் ஒருவர் தேர்தலில் நிற்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. நான் பணியில் இருந்தவரை கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு வேட்பாளர்கள் சிலருக்குக் காகித வேலைகளில் உதவினேன். அதில் கற்றதை, அடிபட்டதையும் சேர்த்து, வரிசையாக எழுதுகிறேன்.

நிற்பதற்கு முன்னால்: யாருக்காக?

ஓய்வூதியம் அரசு போடும் பிச்சை அல்ல என்று உச்ச நீதிமன்றம் நகாரா வழக்கில் தீர்ப்பளித்த நாள் 1982 டிசம்பர் 17. அதனால்தான் டிசம்பர் 17 ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்தத் தீர்ப்பின் சாரம் இன்னொன்றும் உண்டு: ஓய்வு பெற்ற தேதியை வைத்து ஓய்வூதியர்களைக் கூறுபோடக் கூடாது. நம் கட்சிக்காரர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான்.

ஏனென்றால் நம்முள் எத்தனையோ கூறுகள். பழைய ஓய்வூதியத்தில் வந்த ஆசிரியர் ஒருவர். 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு வேலையில் சேர்ந்து பங்களிப்பு ஓய்வூதியத்தில் மாட்டிக்கொண்டவர் இன்னொருவர். அகவிலைப்படி கேட்டு ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்ற போக்குவரத்துக் கழகத்துக்காரர் மற்றொருவர். ஹார்விபட்டிப் பக்கம் போனால் மில்லில் உழைத்து ஓய்ந்தவர்கள் இருக்கிறார்கள். 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் அவர்களுக்குக் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். 2014இல் நிர்ணயித்த தொகை அது. அதற்கும் அப்பால், மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகைக்குத் தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி.

வேட்பாளர் அகவிலைப்படியை மட்டும் பேசினால் அந்தப் பாட்டி அவருக்கு ஏன் ஓட்டுப் போட வேண்டும்? ஒருமுறை தெருமுனையில் எங்கள் வேட்பாளர் நிலுவைத் தொகையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கையை நிறுத்தாமல், "உங்களுக்கு வர வேண்டிய பாக்கியே என் ஆயுசு வருமானம், ஐயா. எனக்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அன்று இரவே துண்டறிக்கையை மாற்றினோம். முதல் வரியில் 1,000 ரூபாய், 1,200 ரூபாய்க்காரர்கள். அரசு ஓய்வூதியர் கோரிக்கை அதன் பிறகு. இதில் இன்றைக்கும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வேட்பாளர் பட்டியலிலும் அதே நியாயம் வேண்டும். பத்துப் பேரை நிறுத்தினால் பத்துப் பேரும் ஓய்வு பெற்ற அதிகாரிகளாக இருக்கக் கூடாது.

வெளிநாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. இஸ்ரேலில் கில் என்ற ஓய்வூதியர் கட்சி 2006இல் 120 இடங்களில் 7ஐப் பிடித்தது. அடுத்த தேர்தலில், 2009இல், ஓர் இடம்கூட இல்லை. நெதர்லாந்தில் 1994இல் முதியோர் கட்சி ஒன்று 6 இடங்களோடு நாடாளுமன்றம் புகுந்தது. உட்சண்டையிலேயே அது சிதறிப்போனது. ஸ்லோவேனியாவின் ஓய்வூதியர் கட்சியோ 1996 முதல் 2022 வரை நாடாளுமன்றத்தில் இருந்து, பல கூட்டணி அரசுகளில் பங்கேற்றது. ஒருமுறை ஜெயிப்பது சிறிய கட்சிக்கும் முடியும். நிலைத்து நிற்பதற்குத்தான் பொறுமை வேண்டியிருக்கிறது.

கட்சி பதிவு

புதிதாகக் கட்சி தொடங்குவதானால் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவில் வழி இருக்கிறது. கட்சி அமைத்த 30 நாட்களுக்குள் தேர்தல் ஆணையத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். வாக்காளர்களாக உள்ள குறைந்தது 100 உறுப்பினர்களின் பிரமாணப் பத்திரங்கள், 10,000 ரூபாய் கட்டணம், கட்சி விதிமுறை நூல், நாளிதழ் அறிவிப்பு எல்லாம் தேவை. தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது இதைத் தொடங்காதீர்கள். ஏற்கெனவே பதிவான சிறிய கட்சியில் சேர்வதே நல்லது. ஆனால் அந்தக் கட்சி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். 2019க்குப் பிறகு ஒரு தேர்தலில்கூட நிற்காத 334 கட்சிகளை 2025 ஆகஸ்ட்டில் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. பெயர்ப்பலகையை நம்பி மனுவில் கட்சிப் பெயரை எழுதிவிட்டுப் பரிசீலனை மேசையில் விழிக்கக் கூடாது.

நீங்கள் நிற்கலாமா?

வயது 25க்கு மேல் என்பது நமக்குப் பிரச்சினையே இல்லை, மேல்வரம்பும் கிடையாது. "அரசியலில் நின்றால் பென்ஷன் நின்றுவிடுமோ?" என்று பலர் கேட்கிறார்கள். நிற்காது. அரசிடம் ஆதாயம் தரும் பதவி வகிப்பவர்தான் தேர்தலில் நிற்க முடியாது; ஓய்வூதியம் வாங்குவது அப்படிப்பட்ட பதவி வகிப்பதாகாது. ஓய்வுக்குப் பின் அரசு அலுவலகத்தில் தொகுப்பூதியத்தில் மறுநியமனம் பெற்றிருந்தால் கதை வேறு. அதை விட்டு விலகி, விலகல் ஏற்கப்பட்ட ஆணையைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகு மனுத்தாக்கல் செய்யுங்கள். ஊழலுக்காகவோ அரசுக்கு விசுவாசமின்மைக்காகவோ பணியிலிருந்து நீக்கப்பட்டவருக்கு ஐந்து ஆண்டுத் தகுதியிழப்பு உண்டு.

சட்டமன்றத்துக்கு நிற்பவர் தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். நிற்கும் தொகுதியில் பெயர் இல்லாவிட்டால், பெயர் உள்ள தொகுதியின் பட்டியலிலிருந்து சான்றளிக்கப்பட்ட நகல் வாங்கி இணைக்க வேண்டும்.

பத்து முன்மொழிபவர்கள்: இங்கேதான் சறுக்குகிறோம்

அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். பதிவு செய்யப்பட்ட, அங்கீகாரம் இல்லாத கட்சிக்காரருக்கும் சுயேச்சைக்கும் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் நீங்கள் நிற்கும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும்.

மதுரை மாவட்டத்தில் சட்டமன்றத் தொகுதிகள் 10. மேலூர், மதுரை கிழக்கு, சோழவந்தான், மதுரை வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு, திருப்பரங்குன்றம், திருமங்கலம், உசிலம்பட்டி. நம் ஆட்கள் பணிக்கொடையில் வீடு கட்டி அவனியாபுரத்துக்கோ திருநகருக்கோ குடிபோயிருப்பார்கள். ஓட்டு மட்டும் சிம்மக்கல் பழைய வீட்டு முகவரியிலேயே கிடக்கும். அவர்களுக்கு அது நினைவில் இருக்காது, நமக்கும் கேட்கத் தோன்றாது. நான் உதவிய வேட்பாளர் ஒருவரின் மனுவில் எட்டாவது முன்மொழிந்தவர் முப்பது ஆண்டு நண்பர், எதிர் வீட்டுக்காரர். வாக்காளர் பட்டியலில் அவர் வேறு தொகுதி. பரிசீலனையில் அந்த மனு தள்ளுபடியானது. நண்பர் வாசலில் நின்று அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே வாக்காளர் அட்டையை நம்பாதீர்கள். நடப்புப் பட்டியலை எடுத்து, பாகம் எண், வரிசை எண், பெயர் எழுத்து மூன்றையும் உங்கள் கண்ணால் பாருங்கள். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு இந்தச் சோதனை இன்னும் அவசியம். ஒருவர் அதிகபட்சம் நான்கு மனுக்கள் தாக்கல் செய்யலாம். நான்கையும் பயன்படுத்துங்கள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு பத்துப் பேர் இருக்கட்டும். ஒன்று விழுந்தாலும் இன்னொன்று காப்பாற்றும். பணியில் இருக்கும் அரசு ஊழியரை முன்மொழிய இழுக்க வேண்டாம்.

கையெழுத்துப் போட முடியாத முதியவர் முன்மொழிந்தால், அவர் கைநாட்டைத் தேர்தல் நடத்தும் அலுவலர் அல்லது ஆணையம் குறிப்பிட்ட அதிகாரியின் முன்னிலையில் வைத்துச் சான்று பெற வேண்டும். வீட்டில் வைத்து வாங்கிவந்த ரேகை செல்லாது. ஆட்டோ வைத்து அழைத்துப் போங்கள், அந்த ஆட்டோ வாடகையையும் கணக்கில் எழுதுங்கள்.

படிவம் 26: முழுச் சொத்துக் கணக்கு

மனுப் படிவம் 2பி எளிது. பிரமாணப் பத்திரமான படிவம் 26க்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். உங்கள் பெயரிலும் மனைவி அல்லது கணவர் பெயரிலும் சார்ந்திருப்போர் பெயரிலும் உள்ள எல்லாம் வரவேண்டும். தபால் நிலைய மாத வருமானத் திட்டம், மூத்த குடிமக்கள் சேமிப்பு, நகை எத்தனை கிராம், ஊரில் பாகம் பிரிக்காத பூர்வீக நிலத்தில் உங்கள் பங்கு. கடைசியாக நிற்கும் இந்தப் பூர்வீகப் பங்கைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. இல்லையென்றால் "இல்லை" என்றோ "பொருந்தாது" என்றோ எழுதுங்கள். கோடு போட்டுவிடுவது நம் அலுவலகப் பழக்கம். இங்கே அது ஆகாது.

இரண்டு இடங்கள் ஓய்வூதியர்களுக்கென்றே வைத்தது போல இருக்கும். முதலாவது, கடந்த பத்து ஆண்டுகளில் அரசுக் குடியிருப்பில் இருந்தீர்களா என்ற கேள்வி. இருந்திருந்தால் வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி நான்குக்கும் நிலுவை இல்லை என்ற சான்று வேண்டும். காவலர் குடியிருப்பில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்காக மூன்று நாள் அலைந்தோம். பழைய குடிநீர்க் கணக்கு எந்த மேசையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போனது. தேர்தல் அறிவிப்பு வரும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

இரண்டாவது, வழக்குகள். சங்கத்தில் இருந்து சாலை மறியல் செய்தவர்கள் நாம். மாலையில் மண்டபத்திலிருந்து விடுவித்ததோடு முடிந்தது என்று நினைத்திருப்போம். காவல் நிலையத்தில் வழக்கு நிலுவையில் இருக்கக்கூடும். விசாரித்து, இருந்தால் எழுதுங்கள். நிலுவை வழக்கு உள்ள வேட்பாளர் அதை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரப்படுத்த வேண்டும். உரிமைக்காக மறியல் செய்ததை வெளியே சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை.

மனுத்தாக்கல் நாள்

மனுத்தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும். ஓய்வூதியம் வரவாகும் கணக்கை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். காப்புத்தொகை சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி. மனு வாங்கும் நேரம் காலை 11 முதல் பிற்பகல் 3 வரை. கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். பெரிய கட்சிகளின் ஊர்வலத்துக்கு நடுவே எழுபது வயதுக்காரர் வெயிலில் நிற்க வேண்டிவரும்.

கட்சி வேட்பாளர் என்று ஏற்கப்படுவதற்கு ஏ, பி படிவங்கள் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். கட்சிப் பொறுப்பாளர் மையால் கையெழுத்திட்ட மூலப் படிவம் வேண்டும். நகலோ ரப்பர் முத்திரைக் கையெழுத்தோ செல்லாது. மனு கொடுத்த கையோடு உறுதிமொழியும் எடுத்துவிடுங்கள். பரிசீலனை நாளுக்கு முன்பே அது முடிந்திருக்க வேண்டும்.

சின்னம்

எல்லா வேட்பாளருக்கும் ஒரே சின்னம் வேண்டுமானால், சட்டமன்றத் தேர்தலில் குறைந்தது 5 சதவீதத் தொகுதிகளில் கட்சி நிற்க வேண்டும். தமிழ்நாட்டின் 234இல் அது 12. மதுரை மாவட்டத்தின் பத்திலும் நிறுத்தினாலும் போதாது. திண்டுக்கல், சிவகங்கைப் பக்கம் இரண்டு ஆட்கள் தேட வேண்டும். பன்னிரண்டு பேருக்குக் காப்புத்தொகை மட்டும் ஒரு லட்சத்து இருபதாயிரம் வரை ஆகும். மக்களவைக்கு இரண்டு தொகுதிகள் போதும். விண்ணப்பம் தேர்தல் அறிவிக்கைக்கு ஐந்து நாள் முன்பே டெல்லிக்குப் போயிருக்க வேண்டும். இந்தச் சலுகை என்றைக்கும் நீடிப்பதல்ல, பிறகு வாக்குச் சதவீதம் காட்டச் சொல்வார்கள். பன்னிரண்டு பேர் கிடைக்காவிட்டால் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கட்டற்ற சின்னங்களில் (எந்தக் கட்சிக்கும் ஒதுக்கப்படாதவை) மூன்றை விருப்ப வரிசையில் எழுத வேண்டியதுதான்.

முதுமையைக் காட்டும் சின்னத்தைக் கேட்காதீர்கள் என்பேன். இரக்கத்துக்கு ஓட்டு விழாது. கண் மங்கியவருக்கும் இயந்திரத்தில் தெளிவாகத் தெரியும் வடிவமாக, அடுக்களையிலோ பட்டறையிலோ தினமும் கைபட்ட பொருளாக இருக்கட்டும்.

மதுரையில் பிரசாரம்

சித்திரை வெயிலில் தேர்தல் வருவது நம் ஊரின் வழக்கமாகிவிட்டது. 2019இல் மதுரை வாக்குப்பதிவு தேரோட்ட நாளிலேயே வந்தது. அதனால் இரவு எட்டு மணி வரை வாக்களிக்க அனுமதித்தார்கள். திருவிழா நாட்களில் மாசி வீதிகளுக்குள் பிரசாரம் வைத்தால் கூட்டத்தில் குரல் எடுபடாது. காலை ஆறு முதல் ஒன்பதரை, மாலை ஐந்துக்கு மேல். நடுப்பகலில் வேட்பாளர் வீட்டில் படுத்திருக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு ஒருவர் எப்போதும் கூடவே வரட்டும்.

எங்களிடம் இருப்பது பணமல்ல, நேரம். ஆகவே தொகுதி முழுக்க ஓடாதீர்கள். இருபது வாக்குச்சாவடிகளைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தெருக்களில் வீடு வீடாக மூன்று முறை போங்கள். முதல் முறை கோரிக்கை கேட்க, இரண்டாம் முறை துண்டறிக்கை, மூன்றாம் முறை சின்னம். உழவர் சந்தை வாசல், காலை நடைப்பூங்கா, மாத முதல் வாரத்தில் வங்கி வாசல் ஆகிய இடங்களில் நம் ஆட்களைப் பார்க்கலாம். கோயில், பள்ளிவாசல், தேவாலயத்துக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது. துண்டறிக்கையில் அச்சகத்தார், வெளியிடுவோர் பெயரும் முகவரியும் கட்டாயம். ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு நிற்க வேண்டும்.

வீட்டுக்குள் போனதும் கட்சிப் பேச்சைத் தொடங்காதீர்கள். "நேர்காணலுக்குக் கருவூலம் போய்வந்தீர்களா, அம்மா? குடும்ப ஓய்வூதியம் சரியாக வருகிறதா?" என்று கேளுங்கள். (ஓய்வூதியர் உயிரோடு இருப்பதை ஆண்டுதோறும் உறுதிசெய்வதுதான் இந்த நேர்காணல்.) எண்பது வயது முடிந்தவருக்குக் கூடுதலாக 20 சதவீத ஓய்வூதியம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அதற்கு அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். தேர்தல் அறிவிப்புக்கு முன்பே, ஆண்டு முழுக்க இதைச் செய்திருந்தால் இன்னும் நல்லது.

85 வயதுக்கு மேற்பட்டோர் ஓட்டு

2021 சட்டமன்றத் தேர்தலில் 80 வயதுக்கு மேற்பட்டோருக்கு வீட்டிலிருந்தே தபால் ஓட்டு இருந்தது. 2024இல் அந்த வயதை 85 ஆக உயர்த்திவிட்டார்கள். விருப்பமுள்ளவர் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் படிவம் 12டி கொடுக்க வேண்டும். அந்த ஐந்து நாளும் வேட்பாளர்கள் மனுவில் மூழ்கியிருப்பார்கள். இதற்கென்றே இரண்டு பேரைத் தனியாக ஒதுக்குங்கள். அலுவலர் குழு வீட்டுக்கு வரும் நாளும் நேரமும் வேட்பாளருக்குத் தெரிவிக்கப்படும், முகவரை அனுப்பலாம். விண்ணப்பித்து ஏற்கப்பட்டவர் பிறகு வாக்குச்சாவடியில் ஓட்டுப் போட முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாக்குச்சாவடி முகவர்கள்

தேர்தல் பணியில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்த ஓய்வு பெற்ற ஆசிரியர்களைவிடச் சிறந்த முகவர் கிடையாது. ஆனால் பணியில் இருக்கும் மகனையோ மருமகளையோ, அரசு ஊழியர் என்றால், உட்கார வைக்காதீர்கள். அது தண்டனைக்குரிய குற்றம். வாக்குப்பதிவு முடிந்ததும் பதிவான வாக்குக் கணக்கான படிவம் 17சியின் நகலைக் கையில் வாங்காமல் எழுந்து வரக் கூடாது.

கணக்கும் படிவம் 20உம்

சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 40 லட்சம். நம்மால் அதில் இருபதில் ஒரு பங்கைக்கூடத் தொட முடியாது; தொடவும் வேண்டாம். ஆனால் கணக்கு வைக்கும் கடமை எல்லோருக்கும் ஒன்றுதான். அன்றாடக் கணக்குக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள். டீ வாங்கிய சீட்டு முதல் எல்லாம் வரிசை எண்ணோடு இருக்கட்டும். பிரசார காலத்தில் மூன்று முறை அதிகாரிகள் சரிபார்ப்பார்கள். முடிவு வெளியான 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். தவறினால் மூன்று ஆண்டு நிற்கத் தடை வரலாம். தோற்ற சலிப்பில் இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. ஒப்புகைச் சீட்டை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

செல்லத்தக்க ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் காப்புத்தொகை திரும்பும். 1,80,000 ஓட்டு பதிவானால் 30,000க்கு மேல் வேண்டும். முதல் தேர்தலில் அது வராது. கட்டும்போதே அதைச் செலவாக எழுதிவிடுங்கள்.

பிறகு படிவம் 20ஐ எடுங்கள். வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்று அதில் இருக்கும். எங்கள் வேட்பாளருக்கு ஒரு சாவடியில் 3, அடுத்ததில் 61. ஏன் 61 என்று தேடிப் போனோம். அந்தத் தெருவில்தான் 12டி படிவங்களை எழுதிக் கொடுத்திருந்தோம், இரண்டு குடும்ப ஓய்வூதிய மனுக்களையும் முடித்துக் கொடுத்திருந்தோம். மதுரை மாநகராட்சிக்கு 100 வார்டுகள். வார்டுத் தேர்தலில் சில நூறு ஓட்டுகளே முடிவை மாற்றிவிடும். படிவம் 20ஐ வார்டு வரைபடத்தின் மேல் வைத்து, 61 போன்ற எண்கள் எங்கே அடுத்தடுத்து வருகின்றன என்று சிவப்பு மையில் வட்டமிடுங்கள். அடுத்த வேட்பாளர் அந்தத் தெருக்களில் குடியிருப்பவராக இருக்க வேண்டும்.